கப்பல் உடைக்கும் கரையில் ஓர் அறவினா

பாலிதானாவில் சத்ருஞ்ஜய மலையேறி வழிபட்டு, தலாஜாக் குன்றையும் தரிசித்துப் பவநகர் நோக்கித் திரும்பும் யாத்திரிகர்கள், திரபஜ் என்னும் சிற்றூரின் அருகே கடலை நோக்கிப் பிரியும் ஒரு சாலையைக் காண்பர். அச்சாலை ஆலங் கடற்கரையில் சென்று முடிகிறது. தருமன், வீமன், அர்ச்சுனன் ஆகிய மூவரும் வீடுபேறு எய்திய தலம் என நம் முன்னோர் போற்றும் மலைக்கும், உலகின் பெருங்கப்பல்கள் உடைபடும் அக்கரைக்கும் இடையே சில மணி நேரப் பயணம்கூட இல்லை.

சாலையின் இரு மருங்கிலும் கடைகள் வரிசையாக உள்ளன. கட்டில், நாற்காலி, பீங்கான் தட்டு, சமையற்கூடத்துப் பெரும் பாத்திரம், உயிர்காப்பு மிதவை, நிலைக்கண்ணாடி என அங்குக் குவிந்திருப்பவை யாவும் உடைக்கப்பட்ட கப்பல்களிலிருந்து கழற்றப்பட்டவை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் யாத்திரைக் குழு அவ்வழியே சென்றபோது, உடன் வந்த அன்பர் ஒருவர் தேக்குமர மேசை ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, லாரியில் ஊருக்கு அனுப்பவும் ஏற்பாடு செய்தார். பேருந்தில் ஏறியதும், ஓய்வு பெற்ற ஆசிரியையான ஓர் அம்மையார் அவரை நோக்கி, "மேசை நன்றாக இருக்கிறது, நயினார். இதைக் கழற்றிய கப்பலில் எத்தனை பேர் கை கால் இழந்தார்கள் என்று விசாரித்தீர்களா?" என்று கேட்டார்.

அன்பர் சினங்கொள்ளவில்லை. "அம்மா, நான் கப்பலை உடைக்கவில்லை, உடைக்கச் சொல்லவுமில்லை. வீணாகிப் போகவிருந்த பழம்பொருளை வாங்கினேன். உடைப்பவரும் வயிற்றுப் பிழைப்புக்காகத் தம் தொழிலைச் செய்கிறார். உத்யோக ஹிம்சை இல்லறத்தானுக்கு விலக்கப்பட்டதன்றே?" என்றார். அம்மையார் மறுமொழி கூறவில்லை. நானும் கூறவில்லை. அன்று முதல் அக்கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. அதற்கு என் சிற்றறிவிற்கு எட்டிய விடையை வாசக அன்பர்கள் முன் வைக்க விழைகிறேன்.

கடல் செய்யும் உதவி

கப்பலுக்கும் ஆயுள் உண்டு. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் உழைத்தபின் அதனைப் பேணும் செலவு வருவாயை விஞ்சிவிடும். அப்போது உரிமையாளர் அதனை இரும்பு விலைக்கு விற்றுவிடுவார். வாங்கியவர் உடைக்க வேண்டும். உடைக்க ஓர் இடம் வேண்டும்.

காம்பே வளைகுடாவில் கடல் ஏறி இறங்கும் உயரம் உலகிலேயே மிகுதியான அளவுகளுள் ஒன்று. ஆலங் கரையில் அது சுமார் 10 மீட்டர் வரை செல்லும். அமாவாசை, பௌர்ணமி நாட்களையொட்டி நீர் பெருகும் வேளையில் கப்பலை முழு வேகத்துடன் கரையை நோக்கிச் செலுத்தினால், அது தன் உந்துவிசையாலேயே சேற்றுத் தரையில் ஏறி நின்றுவிடும். நீர் வடிந்தபின் மாபெரும் கலம் தரைமேல் நிற்கும். துறைமுகமோ, உலர்துறையோ, பெரும் பொருட்செலவோ வேண்டுவதில்லை. இவ்வியற்கை வசதியைக் கண்டே 1983-இல் அங்குக் கப்பல் உடைக்கும் தொழில் தொடங்கப்பெற்றது. சுமார் 10 கிலோமீட்டர் நீளக் கரையில் நூற்றுக்கு மேற்பட்ட உடைப்பு முற்றங்கள் எழுந்தன. உத்தரப் பிரதேசம், பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து நிலமற்ற ஏழைகள் பல்லாயிரவர் வந்து சேர்ந்தனர். 2011–12ஆம் ஆண்டில் மட்டும் 400-க்கு மேற்பட்ட கப்பல்கள் அங்கு வந்தன.

இத்தொழிலை முற்றிலும் பழித்தல் நேர்மையாகாது. ஒரு கப்பலின் எடையில் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் மீண்டும் பயன்படும். அதன் இரும்புத் தகடுகள் உருக்கப்படாமலே சூடேற்றி உருட்டப்பட்டுக் கட்டடக் கம்பிகளாகின்றன. அந்த அளவிற்கு மலையைக் குடைந்து தாது எடுப்பதும், நிலக்கரி எரிப்பதும் குறைகின்றன. உடைக்காமல் விட்டால் கப்பல் துருப்பிடித்துக் கடலில் மூழ்கித் தன் நஞ்சையெல்லாம் நீரிலே கலக்கும். ஆகவே உடைத்தல் வேண்டுவதே. எவ்வாறு உடைப்பது என்பதே கேள்வி.

தொடக்கக் காலத்தில் உடைத்த முறை கொடியது. செருப்பில்லாத கால்களுடனும் கையுறையில்லாத கைகளுடனும் தொழிலாளர் எரிவாயுச் சுடரால் தகடுகளை அறுத்தனர். அறுபட்ட பெருந்துண்டுகள் உயரத்திலிருந்து சேற்றில் விழுந்தன. எண்ணெய்த் தொட்டியில் ஆவி எஞ்சியிருப்பதை அறியாமல் சுடர் வைத்தபோது வெடித்துப் பலர் மாண்டனர். குழாய்களைச் சுற்றியிருந்த கல்நார் பஞ்சை வெறுங்கையால் பிய்த்து எறிந்தனர். அதன் நுண்துகள் நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்து உயிரைக் குடிக்கும் என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. அமெரிக்க நாளிதழான பால்டிமோர் சன் 1997-இல் இக்கரையைப் பற்றி வெளியிட்ட கட்டுரைத் தொடர் மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. அதன் பின்னரே உலகம் ஆலங் என்னும் பெயரைக் கவனித்தது.

நூற்றெட்டு வழிகள்

நம் ஜபமாலையில் 108 மணிகள் இருப்பதற்கு ஆன்றோர் கூறும் காரணம் வாசகர் அறிந்ததே. எண்ணுதல், அதற்கு ஆயத்தம் செய்தல், தொடங்குதல் என மூன்று. மனம், மொழி, மெய் என மூன்று. தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என மூன்று. வெகுளி, செருக்கு, வஞ்சம், பற்று என நான்கு. இவற்றைப் பெருக்கினால் வினை நம்முள் புகும் வழிகள் 108 ஆகின்றன. மணியை உருட்டும்போது எண்ணிக்கையை மட்டும் உருட்டி, பொருளை விட்டுவிடுகிறோம். செய்வித்தலும் உடன்படுதலும் செய்தலுக்கு இணையாக அங்கே கணக்கிடப்பட்டுள்ளன.

ஆலங் கரைக்கு வரும் கப்பலின் வரலாறு இக்கணக்கிற்கு ஏற்ற உரையாக அமைந்துள்ளது. கப்பல் உரிமையாளர் தம் கலத்தை உடைப்பவரிடம் நேரே விற்பதில்லை. ரொக்கம் கொடுத்து வாங்கும் இடைவணிகரிடம் விற்கிறார். இடைவணிகர் கப்பலின் பெயரை மாற்றுகிறார். கொடியையும் மாற்றிக் கொமொரோஸ், பலாவு, செயின்ட் கிட்ஸ் போன்ற சிறு தீவு நாடுகளுள் ஒன்றின் பதிவில் அதன் கடைசிப் பயணத்தை நடத்துகிறார். முற்றத்து உரிமையாளர் வாங்கி, ஒப்பந்தக்காரரிடம் விடுகிறார். ஒப்பந்தக்காரர் கூலியாளை நிறுத்துகிறார். உருட்டாலை தகட்டை வாங்குகிறது. கடைக்காரர் மேசையை வாங்குகிறார். யாத்திரிகர் கடைக்காரரிடம் வாங்குகிறார். இவருள் எவரைக் கேட்பினும் நம் அன்பர் கூறிய விடையையே கூறுவர்: நான் உடைக்கவில்லை, உடைக்கச் சொல்லவுமில்லை. சுடரைப் பிடித்த கூலியாள் ஒருவனே 'நான் உடைத்தேன்' என்று சொல்ல வேண்டியவன். ஆனால் அத்தொடரில் ஊதியம் மிகக் குறைந்தவனும், ஊறு மிகுதியாக அடைபவனும் அவனே. பாவத்தைப் பலர் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொருவர் பங்கும் சிறுத்துவிடும் என்பது வணிகக் கணக்கு. வினைக் கணக்கு அவ்வாறு வகுப்பதில்லை.

இத்தொடரை அறுக்க முயன்ற இரு நிகழ்ச்சிகள் நினைவிற்குரியவை. பிரான்சு நாட்டின் விமானந்தாங்கிப் போர்க்கப்பலான கிளெமென்சோ, உடைபடுவதற்காக 2005 டிசம்பர் இறுதியில் ஆலங் நோக்கிப் புறப்பட்டது. அதிலிருந்த கல்நார் குறித்து இரு நாடுகளிலும் எதிர்ப்பு எழுந்தது; வழக்குகள் நடந்தன. 2006 பிப்ரவரியில் பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம் தடை விதிக்கவே, அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் சிராக் கப்பலைத் திரும்ப அழைத்தார். பின்னர் அது இங்கிலாந்தில் உடைக்கப்பட்டது. தன் குப்பையைத் தானே சுமக்க வேண்டும் என்று ஒரு வல்லரசு ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

அதே 2006-இல் புளூ லேடி என்னும் கப்பல் ஆலங் கரையேறியது. ஒரு காலத்தில் 'பிரான்சு' என்னும் பெயருடன் உலகின் மிக நீளமான பயணிகள் கப்பலாக விளங்கியது அது. அதில் கல்நார் மிகுந்திருந்தது. எனினும் நம் உச்ச நீதிமன்றம் 41,000 டன் எஃகு கிடைப்பதையும், 700 தொழிலாளர்க்கு வேலை கிடைப்பதையும் எடுத்துக்காட்டி, பாதுகாப்பு நெறிகளுடன் 2007 செப்டம்பரில் உடைக்க இசைவளித்தது. முதல் நிகழ்ச்சியில் ஊறு தடுக்கப்பட்டது, வேலை போயிற்று. இரண்டாவதில் வேலை கிடைத்தது. ஊறு நெறிமுறைகளிடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டில் எது அறம் என்று எளிதில் கூற இயலாது. நம் அன்பரின் வினா நிற்கும் இடமும் இதுவே.

உழவனுக்குத் தெரிந்த வேறுபாடு

ஹிம்சையை நால்வகையாகப் பிரிப்பர். வேண்டுமென்றே செய்வது சங்கல்ப ஹிம்சை. சமைத்தல், கூட்டுதல் முதலிய இல்லப் பணியில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. பிழைப்புத் தொழிலில் நேர்வது உத்யோக ஹிம்சை. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்க எதிர்த்து நிற்கையில் நேர்வது விரோத ஹிம்சை. இவற்றுள் முதலாவதை இல்லறத்தான் அறவே விடவேண்டும். ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைக்கவேண்டும். 'இயன்றவரை குறைத்தல்' என்னும் பகுதியை மறந்து, 'விலக்கப்படவில்லை' என்பதை மட்டும் நினைவிற் கொள்வது மனித இயல்பு.

தமிழ்ச் சமணருள் பெரும்பாலோர் உழவுக் குடியினர். ஏர் பூட்டினால் மண்ணுயிர் மடியும் என்பது நம் பாட்டனார்க்குத் தெரியும். தெரிந்தே உழுதனர், உழாமல் உணவில்லை. ஆயினும் அவர்கள் வேண்டாத வரப்பில் தீ வைக்கவில்லை. புழு நெளியும் எருக்குழியைக் கிளறும்முன் நின்று பார்த்தனர். நீரை வடிகட்டிய துணியை மீண்டும் அதே நீர்நிலையில் அலசினர். உழவில் தவிர்க்க இயலாத ஊறு ஒன்று. அசட்டையால் விளையும் ஊறு மற்றொன்று. ஹிம்சையின் வேர் அசட்டையே என்பதும், யத்னாசாரமுடையவனுக்கும் அஃதில்லாதவனுக்கும் ஒரே செயலில் வேறு வேறு வினை கட்டும் என்பதும் நமக்கு இளமையிலேயே கற்பிக்கப்பட்டவை.

இதிலிருந்து ஒரு படி மேலே செல்ல விரும்புகிறேன். அறியாமல் நேர்ந்த ஊறு, அறிந்தபின்னும் தொடருமானால், அதற்குப் பழைய பெயர் பொருந்துமா? கப்பலின் அடிப்பகுதியில் சிப்பியும் பாசியும் ஒட்டாதிருக்க, வெள்ளீயச் சேர்மம் கலந்த நச்சு வண்ணத்தைப் பல்லாண்டுகள் பூசினர். கப்பலில் ஒட்டிய உயிரை மட்டும் கொல்லும் என எண்ணியது, துறைமுக நீரில் கரைந்து, பெண் நத்தைகளின் உடலில் ஆண் உறுப்பை வளர்த்து, அவற்றின் இனப்பெருக்கத்தையே அழித்தது. சங்கும் நத்தையும் நம் நூல்கள் கூறும் ஈரறிவு உயிர்கள். இவ்வுண்மை வெளிப்படுமுன் பூசியவன் உத்யோக ஹிம்சை செய்தான் எனலாம். வெளிப்பட்ட பின்னும், மாற்று வண்ணம் இருக்க, விலை குறைவென்று அதையே பூசியவன் செய்தது என்ன? அவன் கொல்ல நினைக்கவில்லை. ஆனால் கொல்லும் என்பதை அறிந்தும், தவிர்க்க வழி இருந்தும், தவிர்க்காதிருக்க நினைத்தான். அந்நினைப்பும் ஒரு சங்கல்பமே. அவ்வண்ணத்தைத் தடை செய்யும் உலக உடன்படிக்கை 2001-இல் உருவாகி, 2008-இல் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே உத்யோக ஹிம்சை என்னும் வேலி நிலையான இடத்தில் நிற்பதன்று. நம் அறிவும் ஆற்றலும் வளருந்தோறும் அது உள்நோக்கி நகர்கிறது. நேற்று வேலிக்குள் இருந்த செயல் இன்று வெளியே நிற்கலாம்.

பிழையை முன்னரே எழுதுதல்

ஆலங் கரையில் நேர்ந்துள்ள மாற்றத்தை இந்நோக்கில் காண்பது பயனுடையது. 2003-இலேயே உச்ச நீதிமன்றம், உடைபட வரும் கப்பல்கள் நச்சுப் பொருள்களை இயன்றவரை நீக்கிக்கொண்டு வரவேண்டும் என நெறி வகுத்தது. 2009 மே மாதம் ஹாங்காங்கில், கப்பல்களைப் பாதுகாப்பாகவும் சுற்றுச்சூழலுக்கு ஊறின்றியும் மறுசுழற்சி செய்வதற்கான பன்னாட்டு உடன்படிக்கை ஏற்கப்பட்டது. அது உயிர் பெறப் பதினாறு ஆண்டுகள் ஆயின. இந்தியா 2019 நவம்பரில் அதில் இணைந்து, அவ்வாண்டே கப்பல் மறுசுழற்சிச் சட்டத்தையும் இயற்றியது. 2023-இல் வங்காளதேசமும் லைபீரியாவும் இணைந்தபின் நிபந்தனைகள் நிறைவுற்று, 2025 ஜூன் 26 அன்று உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது.

ஆலங் முற்றங்கள் சில அதுவரை காத்திருக்கவில்லை. 2015-இல் அவற்றுள் முதலாவதான சில, ஜப்பானியக் கப்பல் வகைப்பாட்டு அமைப்பிடம் சோதனைக்கு உட்பட்டு, உடன்படிக்கைக்கு இசைந்தவை எனச் சான்று பெற்றன. பின்னர்ப் பிறவும் தொடர்ந்தன. எண்ணெய் ஊறாத கான்கிரீட் தளங்கள் அமைந்தன. அறுத்த துண்டைச் சேற்றில் விழவிடாமல் பளுதூக்கியால் எடுத்துத் தளத்தில் வைக்கும் முறை வந்தது. தொட்டியில் ஆவியில்லை என்று சோதித்தபின்னரே சுடர் வைக்க இசைவு தரப்படுகிறது. கல்நாரை நீக்கத் தனி அறையும், புதைக்கத் தனிக் குழியும் உள்ளன. குஜராத் கடல்சார் வாரியம் தொழிலாளர்க்குப் பாதுகாப்புப் பயிற்சி அளிக்கிறது.

இவ்வுடன்படிக்கையில் என் மனத்தைக் கவர்ந்த பகுதி ஒன்று உண்டு. இனிக் கட்டப்படும் ஒவ்வொரு கப்பலும், தன்னுள் எந்த நச்சுப் பொருள் எங்கே, எவ்வளவு உள்ளது என்பதைக் குறித்த ஏடு ஒன்றைப் பிறப்பிலிருந்தே உடன் கொண்டிருக்க வேண்டும். ஏற்கெனவே ஓடும் கப்பல்களுக்கு ஐந்தாண்டுத் தவணை உண்டு. அதற்குமுன் உடைபட வருமாயின் ஏட்டுடனேயே வரவேண்டும். நாள்தோறும் தன் குற்றங்களைத் தானே எடுத்துரைக்கும் பிரதிக்கிரமணத்தை இது நினைவூட்டுகிறது. குற்றம் ஏட்டில் ஏறிய பிறகு 'எனக்குத் தெரியாது' என்னும் விடை எவர்க்கும் இல்லை. கட்டியவர், ஓட்டியவர், விற்றவர், வாங்கியவர், உடைத்தவர் அனைவரும் அறிந்தவராகிவிடுகின்றனர்.

தீராத கணக்கு

எல்லாம் சீர்பட்டுவிட்டது எனக் கூறின் அது பொய்யாகும். கப்பலை ஓதத்தில் கரையேற்றும் முறையை உடன்படிக்கை விலக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் இயற்றிய ஒழுங்குமுறை இதனினும் கடுமையானது. அதன் ஒப்புதற் பட்டியலில் இடம்பெற விண்ணப்பித்த ஆலங் முற்றங்கள் பல்லாண்டுகள் காத்து நின்றன. போர்க்கப்பல்கள் உடன்படிக்கைக்கு உட்படா. உலகின் கண்ணைத் திறந்த கிளெமென்சோவே இன்று அதன் வரம்பிற்குள் வராது.

இவற்றினும் கடினமானது, அறத்தின் செலவை யார் ஏற்பது என்பது. தளம் அமைத்து, பயிற்சி கொடுத்து, நஞ்சைப் பிரித்துப் புதைக்கும் முற்றத்தால், அவற்றைச் செய்யாத முற்றத்தின் அளவிற்குக் கப்பலுக்கு விலை கொடுக்க இயலாது. உரிமையாளரோ மிகுந்த விலை கொடுப்பவரை நாடுவார். நல்லவன் நட்டமடையும் சந்தையை அமைத்துவிட்டு நல்லவனாயிரு என்று உபதேசிப்பது எளிது. பிந்திய ஆண்டுகளில் ஆலங் வந்த கப்பல்களின் எண்ணிக்கை, பழைய உச்சத்தின் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. இதற்குக் காரணங்கள் பல. அண்டை நாடுகள் மிகுந்த விலை கொடுத்ததும் அவற்றுள் ஒன்று. கப்பல் வராத மாதத்தில் பீகார்த் தொழிலாளி வெறுங்கையுடன் ஊர் திரும்புகிறான். அவனுக்குக் கையுறை தந்த சீர்திருத்தம், அவன் கையிலிருந்த வேலையைப் பறிக்குமாயின் அதுவும் அஹிம்சையின் கணக்கில் எழுதப்படவேண்டியதே. ஆகவே விலையின் ஒரு பகுதியை, அக்கப்பலால் முப்பதாண்டு ஆதாயம் பெற்றவர் ஏற்றல் வேண்டும். சரக்கை ஏற்றியவர் ஏற்றல் வேண்டும். அச்சரக்கை நுகர்ந்த நாமும் ஏற்றல் வேண்டும். நம் வீட்டு எண்ணெயும், கைப்பேசியும், வயலுக்கு இடும் உரமும் ஏதோ ஒரு கப்பலில் வந்தவையே.

இனி நம் அன்பரின் வினாவிற்கு வருவோம். மேசையை வாங்கியதில் பாவமில்லை என்பேன். பழம்பொருளைப் பயன்படுத்துதல் அபரிக்கிரகத்திற்கு அணித்தானது. புதிய தேக்கு ஒன்று வெட்டுண்ணாமல் தப்பியது. ஆனால் 'நான் உடைக்கவில்லை' என்று கூறிக் கேள்வியை முடித்ததில் குறை உண்டு. அம்மையார் மேசையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. விசாரித்தீர்களா என்றுதான் கேட்டார். விசாரித்தல் இல்லறத்தானின் யத்னாசாரம். உண்ணுமுன் தானியத்தைப் பொறுக்கிப் பார்க்கும் நாம், கட்டுமுன் கம்பியையும், விற்குமுன் சரக்கையும், முதலிடுமுன் நிறுவனத்தையும் அவ்வாறே பார்த்தல் வேண்டும். நம் இளைஞர் பலர் இன்று கப்பல் சரக்குத் துறையிலும், வங்கியிலும், கணக்காய்விலும் பணிபுரிகின்றனர். எந்த முற்றத்திற்குக் கப்பலை அனுப்புவது, எதற்குக் கடன் கொடுப்பது எனத் தீர்மானிக்கும் மேசைகளுக்கு அருகில் அவர்கள் அமர்ந்திருக்கக்கூடும். அங்கே ஒரு கேள்வியைக் கேட்பது, நூறு பேர் வீட்டில் வருந்துவதினும் பயனுடையது.

மேசை இப்போது அன்பரின் கூடத்தில் இருக்கிறது. அதன்மேல் அவர் பேரப்பிள்ளைகள் பாடம் எழுதுகின்றனர். சென்றமுறை நான் போயிருந்தபோது, தம் புதிய வீட்டிற்கு வாங்கவிருந்த கம்பிகளின் ரசீதை எடுத்துக் காட்டி, "இந்த இரும்பு எந்த ஆலையிலிருந்து வருகிறது, அந்த ஆலைக்குத் தகடு எங்கிருந்து வருகிறது என்று கடைக்காரரைக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்" என்றார். அம்மையாரிடம் இதனைத் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொண்டார்.